ஒன்றேகால் அந்தர்

எனக்கு இருபத்திரண்டு வயதில் என் உடம்பைப் பார்த்து முதன்முதலில் முகம் சுளித்தவன் எங்கள் கப்டன். இரண்டாவதாகச் சுளித்தவன் நான். அந்தச் சுளிப்பு இன்னும் என் முகத்தை விட்டுப் போகவில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

கப்டன் பட்டணத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசி ஒருவரின் மகன். கொழும்பில் படித்து, அங்கே றகர் விளையாடப் பழகிக்கொண்டு, முட்டை வடிவில் ஒரு தோல் பந்தோடு யாழ்ப்பாணம் வந்து இறங்கினான். முப்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்குத் தெரிந்த பந்து உருண்டையானது, காலால் அடிப்பது. இவனுடைய பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனை மற்றவர்கள் கட்டிப்பிடித்து விழுத்த வேண்டும். அவ்வப்போது எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து நின்று, எதிரே அப்படியே குனிந்து நிற்கும் எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். அதற்கு ஸ்க்றம் என்று பெயர். முன்னால் நிற்பவனின் வியர்வை நம்முடைய கன்னத்தில் வடியும், பக்கத்தில் நிற்பவனின் அக்குள் நம்முடைய மூக்கில் இருக்கும். இதற்கு ஏன் இவ்வளவு பேர் சேர்ந்தோம் என்று கேட்டால், விளையாட்டு ஆசை என்று பொய் சொல்ல எனக்கு இப்போது வயதில்லை. உத்தியோகத்துக்காகச் சேர்ந்தோம்.

கொழும்பு வெள்ளைக்காரக் கொம்பனிகளில் ஆட்டக்காரனுக்கு ஒரு கதிரை எப்போதும் காலியாக இருக்கும் என்பது கப்டனின் வேதவாக்கு. அவனோடு படித்த மூன்று பேர் அப்படித்தான் உள்ளே போனார்களாம். மாரி தொடங்கியபின் கொழும்பில் ஒரு ஆட்டத்துக்கு அவன் ஏற்பாடு செய்திருந்தான். கொம்பனித் துரைமார் வந்து பார்ப்பார்கள் என்றான். எனக்கு அது போதும். அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கான கிளறிக்கல் சோதனையில் நான் இரண்டு தரம் விழுந்திருந்தேன். மூன்றாம் தரம் எழுத வயது கடந்துவிட்டது. தெல்லிப்பழையில் என்னைப் பெற்ற ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. இந்த வழியும் அடைபட்டால் அந்தத் தோட்டத்தில் புகையிலைக்குப் பூச்சி பிடித்துக்கொண்டு ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான். சோதனையில் விழுந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முதல்நாளே கப்டன் எங்களைத் தன் மாமனுடைய புகையிலைக் கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனான். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய பெரிய தராசு அங்கே இருந்தது. ஒரு தட்டில் இரும்புப் படிகள், மறு தட்டில் சிப்பம் கட்டிய புகையிலை ஏறும். அன்றைக்குச் சிப்பத்தை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார்கள். கௌபீனத்தோடு ஒவ்வொருவராக ஏறிக் குந்தினோம். நிறுக்கிறவர் சிப்பத்துக்குப் போடும் அதே இராகத்தில் நிறையைக் கூவினார். கப்டன் அதைச் சுண்ணாம்புக் கட்டியால் எங்கள் முதுகில் எழுதினான்.

“அந்தரும் பன்னிரண்டு றாத்தலும்.”

அது நான். நூற்றுப் பன்னிரண்டு றாத்தல் ஒரு அந்தர். ஆக நூற்றிருபத்து நாலு.

“உது காணாது. ஸ்க்றம்முக்கு ஒண்டேகால் அந்தர் வேணும். நீர் என்ன சாப்பிடுறனீர்?” என்று கப்டன் கேட்டான்.

“சோறு, மரக்கறி.”

“அதுதான் பார்க்கத் தெரியுதே,” என்றான். என் தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தான். மாட்டுச் சந்தையில் நாம்பனைக் கிள்ளிப் பார்க்கிறவனுக்காவது வாங்கும் எண்ணம் இருக்கும். இவன் சும்மா கிள்ளினான். நானும் சும்மா நின்றேன்.

சட்டம் இதுதான்: கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் கடைசி நிறுவை. ஒன்றேகால் அந்தர், அதாவது நூற்று நாற்பது றாத்தல், தொடாதவனுக்கு ரெயிலில் இடமில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது தீனி. நான் சாப்பாடு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். விடியக்காலையில் ஆறு பச்சை முட்டை. எங்கள் வீட்டு அடுக்களைக்குள் முட்டை என்ற பேச்சே நுழையாது. சந்திக்கடைப் பின்புறத்தில், கடைக்காரன் கை கழுவித் தண்ணீர் ஊற்றும் சேற்றுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக உடைத்து அண்ணாந்து ஊற்றுவேன். வழுவழுவென்று இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஒருநாள் ஒரு முட்டையில் இரத்தப் பொட்டு இருந்தது. அதையும் விழுங்கினேன். அன்று முழுவதும் என் நாக்கை என் வாய்க்குள் வைத்திருக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பட்டணத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக்கடை. மாட்டிறைச்சிக் கறியும் றொட்டியும். நல்ல கைப்பக்குவம் என்று பட்டணமே சொல்லும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லாமல், துண்டு துண்டாகத் தள்ளுவேன். ஒருநாள் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி ஆக்கின கறி உது. பேதி மருந்து குடிக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு தின்னாதையும். வேண்டாமெண்டால் வைச்சிட்டு எழும்பும்.”

“வேணும் நானா. எனக்கு நிறை வேணும்.”

“நிறைக்கு இறைச்சி என்னத்துக்கு? கல்லைக் கட்டிக்கொண்டு ஏறும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும் எனக்குக் குறைவில்லாமல்தான் பரிமாறினார். அவருடைய சட்டியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அருவருப்பெல்லாம் என்னுடைய தொண்டையில் இருந்தது. ஒரு மனிதர் அக்கறையோடு ஆக்கியதை நான் குப்பைக்குழியில் கொட்டுவதுபோல எனக்குள் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நிறை கூடியது, மறுக்கவில்லை. ஆனால் கூடிய விதத்தைச் சொல்ல வேண்டும். நிறை கரையும் என்று கப்டன் சைக்கிள் ஓடுவதைத் தடுத்தான். முற்றவெளி மைதானத்தைச் சுற்றி ஓடுவதையும் பாதியாகக் குறைத்தான். ஆவணியில் நாலு சுற்று மூச்சுவாங்காமல் ஓடிய நாங்கள், புரட்டாதி முடிய இரண்டாம் சுற்றில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எட்டு வாலிபர்கள், எட்டுத் தொந்தி. பெனியன் அக்குளில் இறுகியது. தொடைகள் உரசிப் புண்ணாகி, விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு கால் அகட்டி நடந்தோம். “நிறை உடம்பிலை ஊறுது, அப்பிடித்தான் இருக்கும்,” என்றான் கப்டன். அவன் பின்வரிசையில் பந்தோடு ஓடுகிறவன். அவனுக்கு நிறைக் கணக்குக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கீரிமலைக் கேணிக்குக் கொண்டுபோனான். அன்றைக்கு அங்கே அந்தியேட்டிக்கு இரண்டு மூன்று குடும்பம் வந்திருந்தது. தலை மழித்த ஆண்பிள்ளைகள் ஈர வேட்டியோடு, தகப்பனின் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து கேணிக் கட்டில் நின்றார்கள். நாங்கள் அவர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, புஜத்தை மடக்கிக் காட்டி, ஒருவன் வயிற்றை ஒருவன் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு தண்ணீரில் குதித்தோம். மழித்த தலையோடு நின்றவர்களில் ஒருவன் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. கோபம்கூட இல்லை அதில். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐப்பசி பிறந்தது. கந்தசஷ்டி வந்தது. அம்மா கலியாணம் முடித்த வருடத்திலிருந்து ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து அந்த விரதத்தைப் பிடித்து வருகிறவர். ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் பார்த்து, ஏழாம் நாள் காலையில் பாறணை செய்துதான் அவருக்குச் சோறு. கொழும்பு ரெயிலும் அந்த ஏழாம் நாள் காலையில்தான். கடைசி நிறுவை ஆறாம் நாள் மத்தியானம்.

விரதம் தொடங்க முதல்நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தமுறை நான் உன்ரை உத்தியோகத்துக்காகத்தான் பிடிக்கிறன். நீயும் என்னோடை சேர்ந்து பிடி. ரெண்டு பேராய்க் கேட்டால் முருகன் தட்டமாட்டார்.”

“ஓம் அம்மா,” என்றேன்.

எனக்கு அப்போது நூற்று முப்பத்தைந்து றாத்தல். இன்னும் ஐந்து வேண்டும். பிடிக்க ஏலாது, விளையாட்டு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஏன் ஏலாது என்று அம்மா கேட்பார், அந்தப் பேச்சு இறைச்சியில் போய் முடியும். ஓம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஆறு நாளும் என் ஒழுங்கு இதுதான்: காலையில் தோய்ந்து, திருநீறு பூசி, அம்மாவோடு கோயிலுக்குப் போவேன். பிறகு வாசிகசாலைக்கு என்று சொல்லிப் பட்டணத்துக்கு பஸ் ஏறுவேன். நானாவின் கடையில் இரண்டு தரம் சாப்பிடுவேன். வெற்றிலை போட்டுத் துப்பி, வாயை உப்பால் உரஞ்சிக் கழுவி, பின்னேரம் வீட்டுக்கு வந்து பாயில் சுருண்டு களைத்தவன்போலக் கிடப்பேன். அம்மா பக்கத்தில் வந்திருந்து விசிறுவார். சாப்பிடாத மனிசி, சாப்பிட்டுப் புடைத்தவனுக்கு விசிறினார். நான் கண்ணை மூடிக்கொண்டு விசிற விட்டேன்.

மூன்றாம் நாள் அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“வாடேல்லை, தம்பி. கன்னம் பூரிச்செல்லே கிடக்கு. உன்னிலை முருகன் இறங்கியிட்டார்.”

அதோடு விட்டாரா? கோயிலில் பார்த்த பெண்கள் எல்லாருக்கும் சொன்னார். அவர்கள் வந்து வந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் மகனை முன்னுக்கு இழுத்துவிட்டு, “உவரைப் பாரடா, மூண்டு நாள் தண்ணியோடை. நீ ஒரு நேரம் பசி தாங்கமாட்டாய்,” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சீ, எப்படி நின்றேன் அங்கே.

நாலாம் நாள் பின்னேரம் அம்மா கிணற்றடியில் தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டார். நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

“ரெண்டு பேரும் ஒரே தண்ணியைத்தான் குடிக்கிறம். நீ தெளிவாய் இருக்கிறாய், நான் விழுறன். என்னிலைதான் எங்கையோ குறை. நாளையிலிருந்து நான் தண்ணியையும் விடப்போறன்.”

“வேண்டாமணை அம்மா.”

“நீ பேசாதை. உன்ரை அலுவல் என்னாலை கெட்டுப்போகக் கூடாது.”

உண்மையைச் சொல்ல இதைவிட வேறு நேரம் வேண்டுமா? வாயைத் திறந்தேன். காலையில் தின்ற இறைச்சி ஏப்பமாக வந்தது. திரும்பவும் மூடிக்கொண்டேன். இன்னும் இரண்டு றாத்தல்தானே, இரண்டு நாள்தானே என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அம்மாவின் உதடு வெடித்திருந்தது. நான் அன்றைக்கு மூன்று கோப்பை இறைச்சி சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் கிட்டங்கியில் எட்டுப் பேரும் கூடினோம். நேரே தராசில் ஏறியவன் ஒருவனும் இல்லை. எல்லாரும் புகையிலை நனைக்க வைத்திருந்த தொட்டிக்குப் பக்கத்துக் கிணற்றில் அள்ளி அள்ளித் தண்ணீர் குடித்தோம். புகையிலை வியாபாரி நிறை கூட்டச் சிப்பத்துக்குத் தண்ணீர் தெளிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். அதைத்தான் எங்களுக்கும் செய்துகொண்டோம். ஒருவன் குடித்ததைக் கிணற்றுக் கட்டிலேயே கக்கிவிட்டு, அழுதுகொண்டு மறுபடி குடித்தான். நான் மூன்று செம்பு குடித்து, வயிறு தோல் வெடிப்பதுபோல நிற்க, ஏறிக் குந்தினேன். தட்டு ஆடியது. நின்றது.

“ஒண்டேகால் அந்தர்.”

கப்டன் முதுகில் எழுதவில்லை. தோளில் தட்டினான். “இனி நீர் ஆள்தான்,” என்றான்.

பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். சூரன்போருக்குப் போக அம்மா தோய்ந்து, சேலை மாற்றி, சுவரோடு சாய்ந்து இருந்தபடி எனக்காகக் காத்திருந்தார். ஐயா முன்னமே கோயிலுக்குப் போய்விட்டார்.

“கையைத் தா தம்பி. எழும்ப ஏலாமல் கிடக்கு.”

நான் குனிந்தேன். இரண்டு கையாலும் அவரைத் தூக்கினேன். ஒன்றுமே இல்லை அந்த உடம்பில். நான் எதிர்பார்த்த பாரம் வராததால் தடுமாறி, அவரை இருத்திவிட்டு நிமிர்வதற்குள் வயிற்றில் இருந்தது எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர், றொட்டி, மெல்லாமல் விழுங்கிய இறைச்சித் துண்டுகள், எல்லாம் அவர் மடியிலும் தோய்ந்து உடுத்த சேலையிலும் நிலத்திலும் விழுந்தது. வீடு முழுவதும் அந்த நாற்றம்.

அம்மா பார்த்தார். முகத்தை மூடவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. ஒரு துண்டை விரலால் தள்ளிப் பார்த்தார்.

“எத்தினை நாளாய்?”

“ஆவணியிலையிருந்து.”

“இந்த ஆறு நாளுமோ?”

“ஓம்.”

வெளியே கோயில் பக்கம் பறை கேட்டது.

“அப்ப குறை என்னிலை இல்லை,” என்றார். “தண்ணி கொண்டா.”

செம்பில் கொண்டுவந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். வெடித்த உதட்டில் பட்டு எரிந்திருக்க வேண்டும், கண்ணை இறுக்கிக்கொண்டார். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சாம்பல் அள்ளிவந்து நிலத்தில் தூவினார். தன் சீவியத்தில் இறைச்சியைத் தொட்டறியாத அந்த மனிசி அதைக் கையால் வழித்தெடுத்தார். நான் கூட்டுகிறேன் என்றேன். “நீ தள்ளி நில்,” என்றார். கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக இழுத்துத் தலையில் ஊற்றினார். திரும்பி வந்து ஈரத் தலையோடு என் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என்னத்துக்கு உதைத் திண்டனி?”

விளையாட்டு, நிறை, தராசு, கொழும்பு, கொம்பனி எல்லாவற்றையும் சொன்னேன்.

“நிறை வந்திட்டுதோ?”

“ஓம்.”

“அப்ப போ.”

போனேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது. விடிய எழும்பி, கூட்டிய நிறையில் பாதி வாந்தியோடு போயிருக்க, ரெயில் ஏறினேன். கொழும்பில் எங்களுக்கு எதிரே நின்றவர்கள் உண்மையிலேயே பாரமானவர்கள், அதோடு ஓடவும் தெரிந்தவர்கள். முதல் ஸ்க்றம்மிலேயே எங்கள் எட்டுப் பேரின் மூச்சும் முடிந்தது. என்னை மிதித்துக்கொண்டு போனார்கள். ஒருவனின் முழங்கை என் வாயில் ஏறி ஒரு பல்லைக் கொண்டுபோனது. எத்தனை புள்ளியால் தோற்றோம் என்று எண்ணக்கூட ஒருவரும் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்து, சேறும் இரத்தமுமாக மைதான ஓரத்து வாங்கில் கிடந்தபோது ஒரு துரை சுருட்டோடு வந்து என் தோளை அமுக்கிப் பார்த்து, நிறை என்ன என்று கேட்டார். சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். கப்டன் சொன்னது பொய்யில்லை, கதிரை காலியாகத்தான் இருந்தது. கடிதங்களுக்கு முத்திரை ஒட்டும் வேலை அது. ஒன்றேகால் அந்தர் நிறை அதற்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தைப்பொங்கலுக்கு லீவில் வந்தபோது கோயில் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். புதுச் சப்பாத்தையும் பார்த்தார்கள்.

“விரதம் பலிச்சுப்போச்சு என்ன? தம்பியும் ஆறு நாளும் தண்ணியோடை இருந்தவரெல்லே?” என்று ஒருத்தி கேட்டாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஓம். பச்சைத் தண்ணியோடைதான் இருந்தவன்,” என்றார் அம்மா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வந்தவர்களுக்குப் பொங்கலும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஐப்பசியில் தற்செயலாகச் சஷ்டி நாளிலேயே வீட்டுக்கு வர நேர்ந்தது. ஐயாவும் அம்மாவும் மத்தியானச் சோற்றுக்கு இருந்தார்கள். அம்மாவுக்கு முன்னாலும் தட்டு இருந்தது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“கோயில் பொம்பிளையளுக்குப் பொய் சொன்ன வாயாம். உந்த வாயோடை இனி முருகனைக் கேக்க ஏலாதாம். விரதத்தை விட்டிட்டாள்.”

அம்மா எனக்கும் ஒரு தட்டு எடுத்துச் சோறு போட்டார். நான் இருந்து சாப்பிட்டேன்.